அகலத்தை முடிவு செய்யும் அடிப்பாறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சீயான் தேசியப் பூங்காவில், வர்ஜின் ஆற்றின் வடகிளை அறுத்தெடுத்த ‘நாரோஸ்’ என்னும் இடுக்குப் பள்ளத்தாக்குக்கு ஒரு பகல் நடையாகச் செல்பவர்கள், கரையோரப் பாதையில் 1.6 கிலோமீட்டர் நடந்ததும் ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட வேண்டும். அதற்கப்பால் ஆறுதான் வழி. உருண்டைக் கற்கள் காலை வாரிவிடும் என்பதால் நீண்ட கழியை ஊன்றியபடி நடக்கிறார்கள்.

போகப் போகச் சுவர்கள் நெருங்குகின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் சாலைக்கே இடம் தரும் பள்ளத்தாக்கு, மேல்பகுதியில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரச் சுவர்களுக்கிடையே சில இடங்களில் 6 முதல் 9 மீட்டராக ஒடுங்கிவிடுகிறது. ஆறும் ஒன்றே, சுவர்களும் ஒரே நவாஹோ மணற்பாறையே. அப்படியிருக்க அகலம் மட்டும் ஏன் மாறுகிறது?

விடை ஆற்றின் அடியில் இருக்கிறது. மணற்பாறைக்குக் கீழே கயென்டா என்னும், அதைவிட எளிதில் அரிபடும் பாறையடுக்கு உள்ளது. கீழ்ப்பகுதியில் ஆறு அந்த அடுக்கைத் தொட்டுவிட்டதால் சுவரின் அடிவாரம் அரிக்கப்படுகிறது. தாங்குதலை இழந்த மணற்பாறை, செங்குத்து வெடிப்புகள் வழியே பாளம் பாளமாகச் சரிய, பள்ளத்தாக்கு அகலமாகிறது. நாரோஸில் ஆறு இன்னும் மணற்பாறைக்குள்ளேயே இருப்பதால், பக்கவாட்டில் விரிவதைவிட ஆழமாக அறுப்பதே மிகுதி. நதியின் வேலை இவ்வளவு தெளிவாகக் கண்ணில் படும் இடங்கள் அரிது என்பேன்.

சுவரை அருகில் சென்று பார்த்தால் சாய்வான கோடுகள் தெரியும். அவை 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு காற்று குவித்த பாலைவன மணல்மேடுகளின் சரிவுகள். மணலைப் பிணைத்திருக்கும் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் கரைந்த இடங்களில், விரலால் தேய்த்தாலே துகள்கள் உதிர்கின்றன. இப்பாறைக்குள் இறங்கும் மழைநீர் கயென்டா அடுக்கில் தடைபட்டுச் சுவரிலிருந்து கசிகிறது. பூங்காவின் ‘அழும் பாறை’யில் சொட்டும் நீர் 1000 ஆண்டுகளுக்கும் முன் பெய்த மழை.

ஆனால் ஆழமாக அறுக்கும் வேலையில் பெரும்பங்கு வெள்ளத்துடையது. கோடை இடிமழை தொலைவில் பெய்தாலும், உறிஞ்ச மண்ணில்லாத பாறைப்பரப்பு அத்தனை நீரையும் இந்த இடுக்குக்குள் திருப்பிவிடும்; அந்த நீர் மணலையும் கற்களையும் வைத்தே அடிப்பாறையைத் தேய்க்கிறது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தாலோ, உடனே மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதை, தலைக்கு மேலே பாறையிடுக்கில் செருகிக் கிடக்கும் மரக்கட்டைகள் காட்டுகின்றன.