வெர்ஷன் ஹிஸ்டரி: வடிவ வரலாறும் காப்புக் காலமும்

குறிப்புகளை இணையவழிச் சர்வரில் சேமிக்கும் மேகக் குறிப்புச் செயலிகளின் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்றொரு வரி இருக்கும். தொட்டால் பக்கவாட்டில் தேதியும் நேரமுமாக ஒரு பட்டியல் விரியும். குறிப்பை நாம் மாற்ற மாற்ற, அதன் முந்தைய நிலைகளைச் செயலி தன் சர்வரில் எடுத்து வைத்துக்கொண்டே வருகிறது. வேண்டும்போது பழையதைத் திறந்து பார்க்கலாம், மீட்கலாம். ஆனால் பட்டியல் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்கும் பழையது வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொல்லும் அறிவிப்பும் சில செயலிகளில் உண்டு.

‘வெர்ஷன்’ லத்தீனில் திருப்புதலைக் குறிக்கும் ‘வெர்தெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் மொழிபெயர்ப்பைக் குறித்தது. பிறகு ஒரே சங்கதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்வதற்கும், ஒரே பொருளின் வெவ்வேறு வடிவங்களுக்கும் ஆகிவந்தது. ‘ஹிஸ்டரி’ கிரேக்கச் சொல். விசாரித்து அறிவது என்பது அதன் வேர்ப்பொருள். நம் ‘வரலாறு’ வரல், ஆறு என்று பிரியும்: வந்த வழி. குறிப்பு இன்றைய நிலைக்கு வந்து சேர்ந்த வழியைத்தானே அந்தப் பட்டியல் காட்டுகிறது? இங்கே கிரேக்கத்தைவிடத் தமிழ் பொருத்தம்.

சிக்கல் முதல் பாதியில்தான். பலரும் ‘பதிப்பு வரலாறு’ என்றே எழுதுகிறார்கள். மென்பொருளுக்குப் பதிப்பு சரி: ஒருவர் முடிவுசெய்து, எண்ணிட்டு வெளியிடுகிறார். குறிப்புச் செயலி சேமிப்பதை யாரும் வெளியிடுவதில்லை. பாதி வாக்கியத்தில் கை நின்றாலும் அது ஒரு நிலையாகப் பதிவாகிவிடலாம். அதைப் பதிப்பு என்றால் பதிப்பாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள்! அவர்களிடமே ‘பாடபேதம்’, ‘பிரதிபேதம்’ என்ற சொற்கள் இருக்கின்றன, உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் அடிக்குறிப்பாகப் பிரதிபேதங்களைக் கொடுத்திருப்பார். ஆனால் அவை பல ஏடுகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகள்; ஒரே பிரதி காலப்போக்கில் மாறியதைச் சொல்ல உதவா. விக்கிப்பீடியா வழக்கமான ‘திருத்தம்’ நல்ல சொல், ஆனால் செய்த மாற்றத்தைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது மாற்றத்துக்குப் பின் இருந்த முழு நிலை. ஆகவே என் தேர்வு ‘வடிவம்’. வெர்ஷன் ஹிஸ்டரி, வடிவ வரலாறு.

இனி, பட்டியலை ஓர் இடத்தில் நிறுத்தும் அந்த வரம்பு. இது மேகச் சேவைகள் கொண்டுவந்த புதுமை இல்லை. 1970களின் இறுதியில் வந்த விஎம்எஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்புப் பெயருக்கும் பின்னால் அரைப்புள்ளியிட்டு வடிவ எண் இருக்கும். கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழியாது. அடுத்த எண்ணோடு புதிய கோப்பு பிறக்கும். வட்டு நிரம்பாமலிருக்க, பழையவற்றைக் கழிக்கும் ‘பர்ஜ்’ கட்டளை இருந்தது. ஒரு கோப்புக்கு இத்தனை வடிவங்கள் போதும் என்று ‘வெர்ஷன் லிமிட்’ வைக்கலாம். மீறினால் மிகப் பழையது தானாகப் போய்விடும். அந்த எண்ணைப் பயனரே வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது நம் திட்டத்தின் விலைதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

குறிப்புச் செயலியான நோஷன் இலவசத் திட்டத்தில் 7 நாள், பிளஸில் 30, பிசினஸில் 90 நாள் வரலாறு தருகிறது. அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியின் ஒத்திசைவுச் சேவையான சிங்க்கின் ஸ்டாண்டர்டு திட்டத்தில் ஒரு மாதம், பிளஸில் 12 மாதம். (திட்டங்கள் அடிக்கடி மாறும், பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) கூகுள் டிரைவ், பிடிஎஃப், படம் போன்ற, தன் சொந்த வகை அல்லாத கோப்புகளுக்கு 30 நாள் அல்லது 100 வடிவங்கள் என்று வைத்திருக்கிறது, நிரந்தரமாக வேண்டிய வடிவத்தை நாமே குறித்துவைக்கலாம். ஆக வரம்பு இருவகை: நாள் கணக்கு, எண்ணிக்கைக் கணக்கு. நாள் கணக்குதான் அதிகம் ஏமாற்றும். ஒரு நீண்ட குறிப்பின் நடுவே இரண்டு பத்தி தவறுதலாக அழிந்து, அதை நாம் பத்தாம் நாள் கவனித்தால், 7 நாள் வரலாற்றில் இருக்கும் எல்லா வடிவங்களிலும் அந்தப் பத்திகள் இராது. பட்டியல் என்னவோ நிறைவாகத்தான் தெரியும்.

எனவே நாள் கணக்கைக் ‘காப்புக் காலம்’ என்றும், எண்ணிக்கைக் கணக்கை ‘வடிவ வரம்பு’ என்றும் பிரித்துச் சொல்லலாம். “இந்தத் திட்டத்தில் காப்புக் காலம் 30 நாள்” என்றால் கேட்பவருக்கு உடனே விளங்கும். “வரலாற்று எல்லை 30 நாள்” என்றால் ஏதோ அகழாய்வு போலிருக்கிறது.

இதைக் ‘காப்புப்பிரதி’யோடு குழப்பக் கூடாது. காப்புப்பிரதி வேறோர் இடத்தில் தனியாக இருப்பது. வடிவ வரலாறு பொதுவாக அந்தக் குறிப்போடு ஒட்டியது. குறிப்பை நிரந்தரமாக நீக்கினால் அதுவும் கூடவே போய்விடும். காப்புக் காலம் மிச்சமிருந்தாலும் சரி.