எல்ஈடி பல்புக்குள்ள இருக்கிற மஞ்சள் பவுடர்

திருகோணமலையில இப்ப எந்தக் கடையில போய் குண்டு பல்பு கேட்டாலும் ஒரு மாதிரித்தான் பாப்பாங்கள், எல்லாம் எல்ஈடி. பழுதாப் போன ஒண்டிருந்தா ஹோல்டரால கழட்டி எடுத்து மூடியத் திறந்து பாருங்க, வெள்ளைத் தட்டில சின்னச் சின்ன மஞ்சள் பொட்டு வரிசையா ஒட்டியிருக்கும். போன் ஃபிளாஷ்லயும் அதே பொட்டுத்தான்.

அந்தப் பொட்டுக்கு அடியில இருக்கிற சிப் தாறது வெறும் நீல வெளிச்சம், அலைநீளம் 450 நனோமீற்றர் சொச்சம். மேல பூசின பவுடர் அதில ஒரு பங்கை விழுங்கிப்போட்டு மஞ்சளாத் திருப்பித் தரும், மிச்ச நீலம் பவுடருக்குள்ளால அப்பிடியே வெளிய வரும், ரெண்டும் சேரேக்க கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது, அவ்வளவுதான். நம்பாட்டி பழைய சீடி ஒண்டில பல்ப் வெளிச்சத்தைப் படவிட்டு சரிச்சுச் சரிச்சுப் பாருங்க, நீலம் தனிப் பட்டையா நிக்கும், பிறகு கொஞ்சம் மங்கல், அதுக்கங்கால பச்சையில இருந்து சிவப்பு வரைக்கும் அகலமா ஒண்டு.

பவுடர் எண்டது இத்திரியம் எண்ட உலோகம், அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்த ஒரு பளிங்கு. அதில நூறு இத்திரியத்துக்கு ஒண்டு ரெண்டு இடத்தில மட்டும் சீரியம் எண்ட இன்னொரு உலோகத்தைக் குந்தவச்சிருப்பாங்கள், வேலை முழுக்கச் செய்யிறது அதுதான். சீரியத்தில ஒரு இலத்திரன் தனிய இருக்கும், வழமையா அதை மேல கிளப்ப நீலத்தை விடச் சக்தி கூடின யூவி (புற ஊதா) கதிர் வேணும், ஆனா இந்தப் பளிங்குக்குள்ள சுத்தி நிக்கிற எட்டு ஒட்சிசனும் குடுக்கிற நெருக்கடியில மேல் மட்டம் நல்லாக் கீழ இறங்கி வந்திடும், அதால நீல வெளிச்சமே காணும். மேல போன இலத்திரன் கொஞ்சச் சக்திய அதிர்வாப் பளிங்குக்கே குடுத்திட்டு, மிச்சத்தை மஞ்சளா விட்டுட்டு இறங்கும். ஒரு செக்கனை பத்துக் கோடியாப் பிரிச்சா அதில ஆறேழு பங்கு, சராசரியா அவ்வளவு நேரத்தில இது முடிஞ்சிடும். சீரியத்தை அள்ளிப் போட்டா வெளிச்சம் கூடும் எண்டு நினைக்காதீங்க, குறையும், சக்தி ஒண்டில இருந்து மற்றதுக்குத் தாவித் தாவி எங்கயாவது பளிங்கில பழுதான இடத்தில போய் வெறும் சூடா முடிஞ்சிரும்.

சீரியம் எங்கட பக்கத்துக்குப் புதுசில்ல. புல்மோட்டைக் கறுப்பு மண்ணில இல்மனைட், ரூட்டைல், சிர்க்கன் எண்ட கனிமங்களோட கொஞ்சமா மொனசைட் எண்ட கனிமமும் கிடக்கு, அதுக்குள்ள சீரியம் இருக்கு, தோரியமும் இருக்கு.

சரி, இந்தப் பவுடரை ஆர் கண்டுபிடிச்சது? நெதர்லாந்தில பிலிப்ஸ் லாப்ல இருந்த ஜார்ஜ் பிளாஸ் எண்ட இரசாயனவியலாளரும் பிரில் எண்டவரும் 1967ல எழுதின ஒரு குட்டிப் பேப்பர்ல தான் இது வருது, ஆனா பல்புக்காக இல்ல, கலர் ரிவிக்காக! அப்ப ஃபிலிமை ரிவிக்கு மாத்த ஒரு ஒளிப்புள்ளிய வச்சு படத்தைக் கோடு கோடா ஸ்கேன் பண்ணுவாங்கள், புள்ளி நகர்ந்தாப் பிறகும் பழைய இடத்தில வெளிச்சம் நிண்டா படம் அப்பிப் போகும். அதுக்குத் தான் அந்த வேகமான சீரியம் தேவைப்பட்டது. பல்ப் செய்யிறதெண்டா நல்ல நீல எல்ஈடி வேணும், அது அப்ப இல்லையே. நகமுரா ஜப்பான்ல நிச்சியா கம்பனியில இருந்து பிரகாசமான நீல எல்ஈடிய 1993ல காட்டினார், அதே கம்பனி 1996ல இந்தப் பவுடரைப் பூசி வெள்ளை எல்ஈடிய விக்கத் தொடங்கிச்சு. நீல எல்ஈடிக்கு 2014ல மூண்டு பேருக்கு நோபல் கிடைச்சது, பவுடர்காரருக்கு ஒண்டும் இல்ல, எனக்கெண்டா அது நியாயமாப் படேல்ல.

இனி சைட்டேஷன் கதை, அதாவது ஒரு பேப்பரைப் பிறகு எழுதிறவங்கள் மேற்கோள் காட்டுறது. ஒரு ஜேர்னலின்ட மதிப்பைக் காட்டுற எண்ணான இம்பாக்ட் ஃபாக்டரை எப்பிடிக் கணக்குப் பாக்கிறாங்கள் எண்டா, முந்தின ரெண்டு வருசத்தில வந்த பேப்பருகளை இந்த வருசம் எத்தனை தரம் மேற்கோள் காட்டியிருக்கு எண்டு எண்ணி, அந்தப் பேப்பருகளின்ட எண்ணிக்கையால பிரிப்பாங்கள், அதுக்கு முந்தின பேப்பர் ஒண்டும் கணக்கில வராது. 1967 பேப்பருக்கு அந்தக் கணக்கு 1969ஓட சரி. வெள்ளை எல்ஈடி வந்தாப் பிறகு எத்தனை பேர் அதைத் தேடிப் பிடிச்சு மேற்கோள் காட்டினாலும் அந்த ஜேர்னலின்ட இம்பாக்ட் ஃபாக்டருக்கு ஒரு புள்ளியும் ஏறாது. இன்னொண்டும் இருக்கு, இப்ப கனபேர் பவுடரின்ட சுருக்கப் பேரை (YAG:Ce) மட்டும் எழுதிப்போட்டுப் போயிடுவாங்கள், கடையில சீனி எண்டு கேக்கிற மாதிரி, முதல் செய்தது ஆர் எண்டு ஒருத்தரும் சொல்றதில்ல, அதுவும் கணக்கில விழாது.