நைத்தேய்: வேலை நிச்சயமாவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்

ஜப்பானில் இறுதியாண்டு படிக்கும் மாணவருக்கு ஜூன் மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. "எங்கள் நிறுவனத்திலிருந்து உங்களுக்கு நைநைத்தேய் தருகிறோம்" என்கிறார் மனிதவளப் பிரிவுக்காரர். அகராதியைப் புரட்டினால் 'முறைசாரா வேலைவாய்ப்பு' என்பது போல ஒரு விளக்கம் கிடைக்கும். முறைசாராதது என்றால் நம்பலாமா? மற்ற நிறுவனங்களின் நேர்காணலை விட்டுவிடலாமா? ஊருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா? விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நைத்தேய் என்பது, படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் படிப்பு முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்வதென்று நிறுவனம் செய்யும் முடிவு. அந்த முடிவை அவருக்குத் தெரிவிப்பதற்கும் இதே சொல்தான். ஜூன் அழைப்பில் வந்த நைநைத்தேய் இதற்கு முந்தைய படி; அதைப் பின்னால் பார்ப்போம். வேலையில் சேரும் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 1. கடைசி எழுத்தை 'தே' என்று சற்று இழுத்துச் சொன்னால் ஜப்பானியர் காதுக்குச் சரியாக விழும். 'மறைவாகத் துப்பறிதல்' என்பதற்கும் இதே ஒலியில் வேறொரு சொல் உண்டு. எழுத்து வேறு என்பதால் படிக்கும்போது குழப்பம் வராது.

சொல்லில் இருப்பவை இரண்டு சீன எழுத்துகள். 'நை' என்றால் உள், உட்புறம். 'தேய்' என்றால் முடிவுசெய்தல், நிலைப்படுத்தல். மேலே ஒரு கூரை, கீழே 'நேர், சரி' என்னும் எழுத்தின் திரிந்த வடிவம். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'உள்முடிவு'.

ஜப்பானிய அலுவலக மொழியில் இந்த 'நை' அடிக்கடி தலைகாட்டும். இடமாற்ற ஆணை வெளியாகும் முன் ஊழியரிடம் மேலதிகாரி சொல்லிவைப்பது நைஜி. எழுத்தில் தரும் முன் தனிப்பட்ட முறையில் இசைவு சொல்வது நைதாக்கு. மேற்படிப்புக்காக ஒரு பள்ளி இன்னொரு பள்ளிக்கு மாணவரைப் பற்றி அனுப்பும் மதிப்பீட்டறிக்கை நைஷின்ஷோ. அமைச்சர் பதவிக்கு ஒருவர் முடிவாகி, முறையான நியமனம் நடக்கும் முன் செய்தித்தாள்கள் அவருக்கு 'நைத்தேய்' என்று எழுதுவதும் வழக்கம். இவை எல்லாவற்றிலும் 'நை' சொல்வது 'வெளியே அறிவிக்கவில்லை' என்பதைத்தான். 'இன்னும் உறுதியாகவில்லை' என்பதை அன்று. 'முறைசாரா' என்ற மொழிபெயர்ப்பு சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நைநைத்தேய்: ஏன் இரண்டு 'நை'?

இதற்குக் காரணம் நாட்காட்டி. அரசு நிறுவனங்களிடம் வைக்கும் வேண்டுகோள்படி, நிறுவன அறிமுகக் கூட்டங்கள் தொடங்குவது மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச் 1. நேர்காணல் முதலிய தேர்வுகள் நான்காம் ஆண்டு ஜூன் 1. முறையான நைத்தேய் அக்டோபர் 1. முன்பு இந்த நாட்களை வகுத்துவந்தது கெய்தன்ரென் என்னும் பெருநிறுவனக் கூட்டமைப்பு. 2021 வசந்தத்தில் பட்டம் பெறுவோரிலிருந்து இனி விதி வகுக்கப் போவதில்லை என்று 2018 அக்டோபரில் அது ஒதுங்கிக்கொண்டது. அரசு அதே நாட்களை வேண்டுகோளாகத் தொடர்கிறது. மீறினால் தண்டனை கிடையாது. அதனால் நல்ல மாணவரை வேறொருவர் கொத்திக்கொண்டு போகும் முன் பிடித்துவிடப் பலரும் முந்துகிறார்கள். ஆனால் அக்டோபருக்கு முன் 'நைத்தேய்' என்ற சொல்லை முறைப்படி சொல்வதற்கில்லை. எனவே முன்னால் இன்னொரு 'நை' சேர்த்து, உள்முடிவுக்கும் உள்ளே ஒரு முடிவு என்று வைத்துக்கொண்டார்கள்.

இப்படி முந்துவதற்கு ஜப்பானியத்தில் ஆஓதகாய் என்று பெயர். விளைச்சல் பச்சையாக வயலில் நிற்கும்போதே விலை பேசி வாங்கிவிடுவது என்பது நேர்ப்பொருள். நெல் விளைவிக்கும் நாட்டில் பிறந்த சொல். டெல்டாக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது வயல் இன்னும் பச்சையாக இருக்கும்போதே பேச்சு தொடங்குகிறது. ஐந்து நாளுக்குக் குறையாத, நிபந்தனைகளுக்கு உட்பட்ட பணிப்பயிற்சியில் திரட்டிய மாணவர் விவரங்களை, 2025 மார்ச்சில் பட்டம் பெற்றோரிலிருந்து, மார்ச் 1-க்குப் பிறகு நிறுவன அறிமுகத்துக்கும் ஜூன் 1-க்குப் பிறகு தேர்வுக்கும் பயன்படுத்தலாம் என்று விதி தளர்ந்துவிட்டது. மூன்றாம் ஆண்டின் கோடை விடுமுறையைச் சும்மா கழிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நீதிமன்றம் தந்த பொருள்

இந்தச் சொல்லுக்கு இன்றுள்ள வலுவைத் தந்தது அகராதி அல்ல, ஒரு வழக்கு. 1968 ஜூலையில் ஷிகா பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்குத் தாய் நிப்பொன் பிரிண்டிங் நிறுவனம் நைத்தேய் தந்தது. அதை நம்பி அவர் வேறொரு நிறுவனத்தில் செய்திருந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில், பட்டம் பெற ஒரு மாதம் இருக்கும்போது, காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து என்று கடிதம் வந்தது. வழக்கில் நிறுவனம் சொன்ன காரணம், அவரைப் பார்த்தால் களையின்றிச் சோர்ந்த தோற்றமாக இருந்தது என்பது. 1979 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செல்லாது என்றது. தோற்றம் எப்படி என்பது நைத்தேய் தரும்போதே தெரிந்ததுதானே. அப்போது எடுத்துவிட்டு இப்போது அதையே காரணம் காட்ட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பின்படி, பெரும்பாலான நைத்தேய் 'தொடக்க நாள் குறித்த, ரத்து செய்யும் உரிமை ஒதுக்கிவைத்த வேலை ஒப்பந்தம்'. அதாவது ஒப்பந்தம் ஏற்கெனவே பிறந்துவிட்டது. உழைப்பு மட்டும் ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ரத்துரிமையையும் நிறுவனம் நினைத்தபடி எடுத்து வீச முடியாது. படிப்பை முடிக்கத் தவறுவது, தன்விவரத்தில் முக்கியமான பொய், குற்ற வழக்கு, வேலை செய்ய இயலாத அளவு உடல்நலக் கேடு போன்றவைதான் காரணமாக நிற்கும். வணிகம் சரிந்துவிட்டது என்று சொன்னால், ஊழியரை ஆட்குறைப்புச் செய்வதற்குரிய கண்டிப்பான அளவுகோல் இங்கும் வரும். புதுப் பட்டதாரியின் நைத்தேயை ரத்து செய்யும் நிறுவனம், ஹலோ வொர்க் என்னும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் மாணவரின் கல்விநிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2009 முதல், குறிப்பிட்ட சூழல்களில் அந்த நிறுவனத்தின் பெயரை அரசு வெளியிடவும் வழி செய்திருக்கிறார்கள்.

நைநைத்தேய்க்கு இவ்வளவு வலு இல்லை. உலக நிதி நெருக்கடியை ஒட்டி, அக்டோபரில் நைத்தேய் தரும் விழாவுக்குச் சில நாள் முன்பாக நைநைத்தேயை ரத்து செய்த ஒரு வழக்கில், ஃபுகுவோகா உயர் நீதிமன்றம் 2011-இல் ஒப்பந்தம் பிறக்கவில்லை என்றே சொன்னது. ஆனாலும் மாணவர் நியாயமாக வைத்த நம்பிக்கையைக் கெடுத்ததற்கு இழப்பீடு தர வைத்தது. ஆகவே ஜூன் மாத அழைப்பை நம்பலாம். ஆனால் மற்ற நிறுவனங்களின் கதவை அன்றைக்கே சாத்திவிட வேண்டாம். மற்ற விண்ணப்பங்களை எல்லாம் இப்போதே விலக்கினால்தான் தருவோம் என்று நெருக்குவதற்கு ஓவஹாரா என்று பெயர். தேடலை முடித்துக்கொள்ளச் சொல்லும் தொல்லை என்று பொருள். இதைச் செய்யக் கூடாதென்று அரசே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

அழைப்பு வந்ததும் நன்றி சொல்லி, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டு, வேலை நிபந்தனைகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் வரும் தாள்களில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று நைத்தேய் ஏற்பு மடல். அது நீங்கள் கையெழுத்திட்டு அனுப்புவது. மற்றது வேலை நிபந்தனை அறிவிப்பு. அது நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டியது. சம்பளம், வேலை நேரம், இடம் எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும். 2024 ஏப்ரல் முதல், பணியிடமும் பணியும் பின்னாளில் எந்த எல்லை வரை மாறக்கூடும் என்பதையும் அதில் எழுதியாக வேண்டும். 'நிறுவனம் குறிக்கும் எந்த இடமும்' என்றிருந்தால், டோக்கியோ என்று நினைத்தவர் ஹொக்கைதோவுக்குப் போக நேரலாம்.

சம்பள வரியில் சிக்கல் அதிகம். மாதம் 2,50,000 யென், அதில் 45 மணி நேரக் கூடுதல் வேலை ஊதியம் அடக்கம் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 160 மணி நேரம் வழக்கமான வேலை; கூடுதல் நேரத்துக்கு ஒன்றேகால் மடங்கு. 45-ஐ 1.25 ஆல் பெருக்கினால் 56.25, அதோடு 160-ஐக் கூட்டினால் 216.25. இரண்டரை லட்சத்தை இதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 1,156 யென். அடிப்படைச் சம்பளம் 1,85,000 யென் அளவில் நிற்கிறது. டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2024 அக்டோபரிலேயே மணிக்கு 1,163 யென். பார்க்கப் பெரிதாக இருந்த சம்பளம் சட்ட வரம்புக்கும் கீழே போய்விட்டது. 'அடக்கம்' என்ற சொல்லைக் கண்டால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பிணையாளர் கையெழுத்துக் கேட்கும் தாளும் வரலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பிணையாளரின் பொறுப்பு அதிகபட்சம் எவ்வளவு யென் என்று எழுதாத பிணை செல்லாது. பொறுப்புக்காலமும் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஜப்பானில் உறவினர் இல்லாதவர்கள் இந்தத் தாளைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள பெற்றோர் கையெழுத்திடலாமா என்று நிறுவனத்திடமே கேட்டுவிடுவது நல்லது.

ஏற்பு மடலை அனுப்பிய பிறகு மனம் மாறினால்? விலகலாம். குடிமைச் சட்டத்தின் 627-ஆம் பிரிவுப்படி, கால வரையறை இல்லாத வேலை ஒப்பந்தத்தை ஊழியர் இரண்டு வார முன்னறிவிப்போடு முடித்துக்கொள்ளலாம். விலகினால் இத்தனை யென் அபராதம் என்று முன்கூட்டி எழுதிவைப்பதைத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனாலும் முடிவானவுடனே தொலைபேசியில் சொல்லி, பிறகு மின்னஞ்சல் அனுப்புவதுதான் முறை. மார்ச் மாதக் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவது, அடுத்த ஆண்டு அதே கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கும்.

வெளிநாட்டு மாணவருக்கு நைத்தேய் கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. மாணவர் தங்குரிமையை 'தொழில்நுட்பம், கலைப்புல அறிவு, பன்னாட்டுப் பணி' என்னும் தங்குரிமையாக மாற்ற வேண்டும். மூன்று பெயரையும் சுருக்கி கிஜின்கொக்கு என்பார்கள். ஏப்ரலில் சேர்வதானால் முந்தின டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிடுவது வழக்கம். படித்ததற்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பில்லை என்றால் மறுப்பு வரும். அதே வேலைக்கு ஜப்பானியருக்குத் தரும் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தாலும் மறுப்பு வரும். படிக்கும் காலத்தில் வாரம் 28 மணி நேர வரம்பைத் தாண்டிப் பகுதிநேர வேலை பார்த்திருந்தால், வரிக் கணக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ நேரே தேர்வாகிறவர்களுக்குத் ஜப்பானில் தங்கும் தகுதியைக் காட்டும் சான்றிதழை நிறுவனமே ஜப்பானில் விண்ணப்பித்து வாங்கும். அது மூன்று மாதமே செல்லும். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் விசாவுக்குப் போய்விட வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது?

'முறைசாரா பணிவாய்ப்பு' பொருந்தாது என்று பார்த்தோம். 'தற்காலிக நியமனம்' என்றால் சில மாத வேலை என்றாகிவிடும். 'வேலை உறுதி' நேரான சொல்தான்; ஆனால் கேட்டவுடன் நூறு நாள் வேலைதான் நினைவுக்கு வரும். 'பணியுறுதி' என்றால் வேலை போகாது என்ற பணிப் பாதுகாப்போடு கலந்துவிடும். 'ஆஃபர் லெட்டர்' எல்லாருக்கும் புரியும். ஆனால் நம் ஊர் வளாகத் தேர்வில் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

என் பரிந்துரை 'பணி நிச்சயம்'. 'தேய்' என்னும் எழுத்தின் பொருள் 'நிச்சய'த்தில் அப்படியே இருக்கிறது. "பையனுக்கு வேலை நிச்சயமாயிடுச்சு" என்று பேச்சிலும் சொல்கிறோம். கல்யாணத்தோடு வைத்துப் பார்த்தால் வரிசையும் அழகாக அமைகிறது. பெரியவர்கள் பேசி முடிப்பது நைநைத்தேய். தட்டு மாற்றி நிச்சயதாம்பூலம் செய்வது நைத்தேய். தாலி கட்டுவது ஏப்ரல் 1-இல் நடக்கும் சேர்க்கை விழா. ஒரே வேறுபாடு, தட்டு மாற்றிய அன்றே ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நைநைத்தேய்க்கு 'முன்பேச்சு நிச்சயம்', அக்டோபர் 1 விழாவுக்குப் 'பணி நிச்சய விழா', ஏற்பு மடலுக்கு 'நிச்சய ஏற்பு மடல்', ரத்து செய்வதற்கு 'நிச்சய ரத்து'. 'நிச்சயம்' வடசொல் என்று தயங்குகிறவர்கள் 'பணித் துணிபு' என்று எழுதலாம். துணிபு முடிவையும் தெளிவையும் குறிக்கும் பழைய சொல். பேச்சில் அது நிற்குமா என்பது எனக்கு ஐயம்தான்.

ஒரு சொல்லுக்கு மட்டும் இணை கிடைக்கவில்லை. 'நை' என்ற ஒலிக்கு ஜப்பானியத்தில் 'இல்லை' என்றும் பொருள் உண்டு. அதை வைத்து, எங்கும் தேர்வாகாத மாணவர்கள் தங்கள் நிலையை 'நை நைத்தேய்' என்கிறார்கள். கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே ஒலியில் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் அந்த விளையாட்டு நழுவிவிடுகிறது. "இன்னும் நிச்சயமாகலை" என்றுதான் சொல்ல முடியும்.