‘படிக்கிறவருக்குப் புரியும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

திருத்தத்துக்கு வந்த ஒரு விசாரணை அறிக்கையில் இப்படி ஒரு வரி: “மேலாளர் தான் தவறு செய்ததாகச் சொன்னார்.” எழுதியவரைக் கூப்பிட்டு, “மேலாளர் ஒப்புக்கொண்டாரா?” என்று கேட்டேன். பதறிப்போனார். “ஐயோ, இல்லைங்க. ஊழியர்மேல் புகார் சொன்னதே அவர்தான்.”

அப்படியானால் ‘மேலாளர்தான்’ என்று சேர்த்து எழுத வேண்டும். பிரித்தால், ‘தான்’ மேலாளரையே குறிக்கும் பெயராகி, தவறு செய்தவர் அவர் என்றாகிவிடும். புகார் வாக்குமூலமாகிவிட்டது! சேர்த்து எழுதினாலும் முழுக்கத் தப்பவில்லை. வேறு யாரோ மேலாளரைக் கைகாட்டினார் என்றும் அதே வரியைப் படிக்கலாம். “ஊழியர் தவறு செய்ததாக மேலாளர்தான் சொன்னார்” என்று வரிசையை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு அவர் கேட்டது: “ஒரு இடைவெளிதானே? படிக்கிறவருக்குப் புரியாதா?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. (‘ஓர் இடைவெளி’ என்று திருத்த மாட்டேன். ஒரு, ஓர் மாறிப்போனதால் யாருக்கும் பொருள் மாறிப்போனதில்லை. அதற்குச் சண்டை போடுகிறவர்கள் அந்த நேரத்தில் இதைக் கவனித்தால் புண்ணியமாகப் போகும்.) எழுதியவருக்குப் புரியும், ஏனென்றால் அவருக்கு நடந்தது தெரியும். தெரியாதவருக்காகத்தானே எழுதுகிறோம்? வாட்ஸ்அப்பில் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தத்தையோ தீர்மானத்தையோ படிக்கிறவர் பக்கத்தில் நீங்கள் நிற்கப்போவதில்லை. சில வருடம் கழித்து அதைப் பிரிக்கிறவர் உங்களுக்கு வேண்டாதவராகக்கூட இருக்கலாம். இரண்டு பொருள் இருந்தால் தனக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக்கொள்வார். சூழல் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பது நண்பர்களுக்குள் மட்டும் செல்லும்.

“ஓலைச்சுவடியில் கமா இருந்ததா?” என்று மடக்குகிறவர்களும் உண்டு. இல்லைதான். பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள். அதனால்தான் எங்கே பிரிப்பது, எதோடு சேர்ப்பது என்று உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. ‘புலிகொல் யானை’ என்றால் கொன்றது புலியா யானையா என்பது இலக்கண உரைகளில் வரும் பழைய சிக்கல். ‘புலியைக் கொன்ற யானை’ என்று ஒரு ஐ போட்டால் முடிந்தது. உங்கள் சுற்றறிக்கைக்கு யார் உரை எழுதப்போகிறார்கள்?

சொல்திருத்தி மென்பொருளையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தனித்தனியாக எல்லாச் சொல்லும் சரியாக இருக்கும்போது அது சிவப்புக் கோடு போடாது. ‘வேலை தேடும் பட்டதாரிகள்’ வேலை தேடுகிறார்கள். ‘வேலைத் தேடும் பட்டதாரிகள்’ காணாமல்போன வேலைத் தேடுகிறார்கள், அதாவது ஆயுதத்தை. இதில் யாரும் ஏமாறப்போவதில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சொத்துப் பட்டியலில் ‘தந்த பெட்டி’ என்றால் யாரோ கொடுத்த பெட்டி. ‘தந்தப் பெட்டி’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இப்படி நடுவில் வரும் த், ப் போன்ற ஒற்றெழுத்தை விட்டுவிடுவதைவிட, பயந்துபோய் எல்லா இடத்திலும் தூவுவதுதான் இப்போது நான் அதிகம் பார்ப்பது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ‘உம்’மைப் பார்த்துத்தான். நன்னூல் அதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது. “5 உறுப்பினர்கள் ஒப்புதல் தரவில்லை” என்றால், 12 பேர் கொண்ட குழுவில் மற்ற 7 பேர் ஒப்புக்கொண்டிருக்கலாம், தீர்மானம் நிறைவேறியிருக்கலாம். “5 உறுப்பினர்களும் ஒப்புதல் தரவில்லை” என்றால் குழுவே 5 பேர்தான், ஒருவர்கூடத் தரவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ஏதோ ஓசைக்காகப் போடுவதுபோல் போடுகிறார்கள், எடுக்கிறார்கள்.

காற்புள்ளிக்கு வருவோம். “ஓய்வுபெற்ற இயக்குநரின் செயலாளர்”: ஓய்வுபெற்றது யார்? செயலாளர் என்றால் ‘ஓய்வுபெற்ற’ என்பதன் பின் காற்புள்ளி வேண்டும். நான் அதோடு விடுவதில்லை, “இயக்குநரின் ஓய்வுபெற்ற செயலாளர்” என்று சொல்லையே நகர்த்திவிடுவேன். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது குறிகள் உருமாறுவது எங்கள் தொழிலில் அன்றாடத் தலைவலி. சொல் வரிசை அப்படித் தொலைந்துபோகாது. மேற்கோள்குறிக்கு மட்டும் மாற்று ஏற்பாடு எளிதில்லை. “சாட்சி நான் பணத்தை எடுத்தேன் என்றார்” என்பதில் அந்த ‘நான்’ சாட்சியா, அறிக்கை எழுதியவரா? குறியைப் போடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு அழுத்தும் இடத்தில் ஒற்று இருக்கிறதா, மூச்சு நிற்கும் இடத்தில் இடைவெளியோ காற்புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். ‘தான்’, ‘கூட’, ‘விட’, ‘உம்’ நான்கையும் தனியாகத் தேடிப் பாருங்கள். ‘10ஆம் தேதிக்குள்’ என்றால் 10ஆம் தேதியும் சேருமா என்ற சந்தேகம் வரும்; அதோடு நிறுத்தாமல் ‘10ஆம் தேதி உட்பட’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் அனுப்பாதீர்கள். அந்த நிலையில் பிழையைக் காட்டத்தான் என்னால் முடியும், திருத்த முடியாது.