ஆறாவது ஆள் சேர்ந்தால் எழுத்தில் பாதுகாப்புத் திட்டம்: ஒன்ராறியோவின் சிறு முதலாளிகளுக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துத் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டுமானதல்ல. ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பேக்கரிக்கும் கேட்டரிங் சமையலறைக்கும் அது பொருந்தும்.

ஐந்து பேர் வரை இருந்தால் பாதுகாப்புக் கொள்கையை எழுதிவைக்கும் கட்டாயம் இல்லை. ஆறு பேரானால் எழுத்தில் கொள்கை, அதை நடைமுறைப்படுத்தும் திட்டம், தொழிலாளர் தரப்பில் ஒரு பாதுகாப்புப் பிரதிநிதி மூன்றும் வேண்டும். 20 பேரானால் பிரதிநிதிக்குப் பதில், தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த கூட்டுப் பாதுகாப்புக் குழு. பலர் தவறுவது எண்ணிக்கையில்தான்: பகுதிநேர ஆட்களும் கணக்கில் வருவார்கள்.

பிரதிநிதியைத் தொழிலாளரே தெரிவு செய்ய வேண்டும். கடையை மேற்பார்க்கும் உறவினரை முதலாளி நியமித்தால் செல்லாது.

கட்டுமான நிறுவனத்தின் கொள்கையில் பெயரை மட்டும் மாற்றிச் சுவரில் ஒட்டுவதால் யாருடைய விரலும் தப்பாது. திட்டத்துக்கு உயிர் கொடுப்பது பிரதிநிதியின் மாதாந்தப் பரிசோதனை. இறைச்சி வெட்டும் மெஷினின் காப்பு மூடி இடத்தில் இருக்கிறதா, கழுவக் கழற்றியது அலுமாரியில் கிடக்கிறதா? கொதி எண்ணெயை ஆறுமுன்பே வாளியில் ஊற்றுகிறார்களா? பின்கதவை மறித்து அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறதா? கிரீஸ் நீக்கும் திரவம் லேபல் இல்லாத தண்ணீர்ப் போத்தலில் இருக்கிறதா? கண்டதை அவர் பரிந்துரையாக எழுதிக் கொடுத்தால், முதலாளி 21 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும்: எப்போது செய்வோம், அல்லது ஏன் உடன்படவில்லை. ‘பார்ப்பம்’ என்று வாயால் சொல்வது பதிலாகாது.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயம். மேற்பார்வையாளர் பொறுப்பேற்று ஒரு கிழமைக்குள் தமக்குரியதை முடிக்க வேண்டும். தொழில் அமைச்சின் இணையப் பயிற்சி இலவசம். முடித்ததற்கான பதிவைக் கோப்பில் வையுங்கள். அமைச்சின் விளக்கச் சுவரொட்டியை ஆங்கிலத்தோடு அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியிலும் ஒட்டச் சொல்கிறது சட்டம். கிச்சனில் பேச்சு தமிழ் என்றால், தமிழிலும் ஒட்டுங்கள்.

கை, கால் எலும்பு முறிவு, மயக்கம் (சுயநினைவு இழப்பு) போன்ற கடும் காயம் நேர்ந்தால் அமைச்சுக்கும் பிரதிநிதிக்கும் உடனே அறிவித்து, 48 மணி நேரத்துக்குள் அமைச்சுக்கு எழுத்தறிக்கை அனுப்ப வேண்டும். முதலுதவிக்கு மேல் மருத்துவம் தேவைப்பட்ட காயம் என்றால், தெரியவந்த 3 வேலை நாளுக்குள் வேலைத்தலக் காப்புறுதிச் சபைக்கு (WSIB) தனி அறிக்கை. கடும் காயம் நடந்த இடத்தில் காயப்பட்டவரைக் காப்பாற்றத் தேவையானதைச் செய்யலாம். மற்றபடி, அமைச்சின் ஆய்வாளர் அனுமதிக்கும் வரை சிந்திய எண்ணெயைத் துடைப்பதோ மெஷினை நகர்த்துவதோ கூடாது.