ஆவாரையில் உழைப்பாளி, மணிப்பூவில் கன்னக்கோல்காரன்

பொங்கல் காப்புக் கட்டுக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்கப் போகிறவர்கள், பாலக்கோடு சாலையோரம் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் புதர்களில் ஒரு நிமிடம் கையை நிறுத்திக் காது கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் நுனி பருமனில் ஒரு கருவண்டு வரும். இறக்கையில் நீலமும் ஊதாவும் மின்னும். பறக்கும்போது ‘ஙொய்’ என்று கனத்துக் கேட்கும் சத்தம், பூவைக் கவ்வியதும் ‘ஞீ...’ என்று சட்டெனக் கீச்சுக் குரலுக்கு ஏறும். நின்று, மறுபடி ஏறும். அந்தக் கீச்சில்தான் ஆவாரை காய்க்கும் சூட்சுமம் இருக்கிறது.

வண்டு என்று நாம் சொன்னாலும் இது தேனீக் குடும்பம். உத்தரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் வட்டமாகத் துளை போட்டுக் குடியிருக்கும் தச்சுத் தேனீ.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. கொடுப்பதற்கு மகரந்தம் மட்டுமே. அதையும் பை பிளந்து கொட்டிவிடாது. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாக, உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் வரும். கருவண்டு பூவை இறுக்கிப் பிடித்து, இறக்கையை மடக்கிக்கொண்டு, பறப்பதற்கான நெஞ்சுத் தசைகளை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிர வைக்கிறது. மகரந்தம் பீய்ச்சி அடிக்கிறது. உலகில் ஏறக்குறைய 20,000 தாவர இனங்கள் இப்படித் துளை வழியாக மகரந்தம் தருகின்றன. நம் கத்தரியும் அதில் ஒன்று.

ஆவாரையின் பத்து மகரந்தத்தாள்களையும் அருகில் வைத்துப் பாருங்கள். மேலே உள்ள மூன்று மலடு. நடுவில் உள்ள குட்டையானவை வண்டுக்கான தீனி. கீழே நீண்டு வளைந்தவை செடியின் சொந்தக் காரியத்துக்கு. வண்டு நடுவில் உள்ளதைக் குலுக்கிக் கூலி வாங்கிக்கொண்டிருக்க, நீண்டவை அதன் கால் எட்டாத இடத்தில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி உரசுவது அந்த இடத்தில்தான். இந்த வேலைப் பிரிவினையை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதியவர்கள் ஜெர்மன் சகோதரர்களான ஹெர்மன் முல்லரும் ஃபிரிட்ஸ் முல்லரும். எனக்கு இன்றும் இதைப் பார்க்கப் பார்க்க மலைப்பாகத்தான் இருக்கிறது.

கருவண்டு போன பிறகு கொசுத்தேனீ வரும். அதற்கு இப்படிக் குலுக்கத் தெரியாது. இதழில் சிந்தியதையும் துளை ஓரத்தில் ஒட்டியதையும் பொறுக்கும், அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவதுபோல. உடம்பு சிறிசு, சூல்முடியில் படாமலே வேலையை முடித்துப் போய்விடும். கூலி எடுத்தாயிற்று, வேலை செய்யவில்லை.

அதற்காகக் கொசுத்தேனீயைக் கள்ளன் என்று முத்திரை குத்த முடியாது. கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பூங்கொத்தின் குட்டிக் குட்டித் திறந்த பூக்களில் ஈக்களோடு சேர்ந்து அதுவும் நேர்மையாக மகரந்தம் சுமக்கிறது. யோக்கியன் என்று நாம் கொண்டாடிய கருவண்டை வீட்டு மதிலோரத்து டெக்கோமாவில், அந்த மஞ்சள் மணிப்பூவில், பாருங்கள். வாசல் வழியாக உள்ளே போகாது. வெளியே உட்கார்ந்து, கத்திபோன்ற வாயுறுப்பால் பூக்குழலின் அடியில் கீறி, தேனை உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும். உள்ளே இருக்கும் மகரந்தத்தை அது தொடுவதே இல்லை. பழைய காலத்துத் திருடன் சுவரில் கன்னம் வைத்த கதைதான். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து அடியைத் திருப்பினால் கீறல் பழுப்பேறித் தெரியும். ஒருவர் வைத்த கன்னத்தில் எறும்பும் மற்றத் தேனீக்களும் பின்னாலேயே நுழையும்.

இங்கிலாந்துப் பூக்களில், குளிர்நாட்டு ரோமத் தேனீக்களான பம்பிள் தேனீக்கள் இப்படித் துளையிடுவதைப் பற்றி டார்வின் 1841-லேயே ஒரு தோட்டக்கலை இதழுக்கு எழுதினார். உடைத்து எடுப்பவரைக் கொள்ளையர் என்றும், உடைக்காமல் எடுத்துக்கொண்டு வேலை செய்யாதவரைத் திருடர் என்றும் 1980-இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேவிட் இனூயே பிரித்துக் காட்டினார். ஆனால் தேனீக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: எந்த வழியில் போனால் சீக்கிரம் வயிறும் கூடும் நிறையும்? பூவின் அமைப்பும் தேனீயின் உடம்பும் பொருந்தினால் அதே ஆசை உதவியாகிறது, பொருந்தாவிட்டால் திருட்டாகிறது.

நட்டம் எவ்வளவு? அமெரிக்காவின் கொலராடோ மலையில் ஒரு செந்நிறக் குழல்பூவை ஆராய்ந்தார்கள். கொள்ளை மிகுந்த செடிகளை, அவற்றுக்கு மகரந்தம் சுமக்கும் ஹம்மிங்பேர்டு எனும் ரீங்காரச் சிட்டுகள் ஒதுக்கின. இனப்பெருக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சில செடிகளில் கதை மாறுகிறது. காலிப் பூக்களைக் கண்டு ஏமாந்த நல்ல தேனீ அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று தூரம் போக, மகரந்தமும் தூரத்துச் செடிக்குப் போய்ச் சேர்கிறது.

நம் விவசாயிக்கு இதில் முக்கியமானது தக்காளி. பாலக்கோட்டு, ராயக்கோட்டைச் சந்தைகளுக்கு வரும் தக்காளியின் பூவிலும் தேன் இல்லை. மகரந்தப்பைகள் ஒட்டிக் கூம்பாக நிற்கும். காற்று ஆட்டினாலும் ஓரளவு காய்க்கும். அதிர்வு கிடைத்தால் பிடிப்பும் பருமனும் கூடும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இப்படி அதிர வைக்கத் தெரியாது. ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் இதற்கென்றே 1980-களின் கடைசியிலிருந்து பம்பிள் தேனீயை வளர்த்து விடுகிறார்கள். நம் சமவெளியில் அது இல்லை. இங்கே அந்த வேலைக்குக் கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு தேனீயும்தான்; முன்னது காய்ந்த மரத்தில், பின்னது மண்ணில் வளை போட்டுத் தனித்தனியாக வாழ்பவை. பூ விரிந்த காலையில் மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான். அடித்தே ஆக வேண்டுமானால் சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள்.

வண்டு வந்து போனதா என்று அறிய வயலில் காத்திருக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு மேல் தக்காளிப் பூவின் மஞ்சள் கூம்பைப் பாருங்கள். கடித்துப் பிடித்த இடத்தில் பழுப்பாகத் தழும்பு இருக்கும்.