மாத்திரை வீடு தேடி வருகிறது, பிசியோதெரபி ஏன் வரவில்லை?

எங்கள் தெருவில் தையல் தொழில் செய்துவந்த அக்கா ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. அரசு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நான்கு மாதமும் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் தவறாமல் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ரத்த அழுத்த மாத்திரையைக் கணவரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த நான்கு மாதமும் உள் அறையில் அந்த அக்காவின் விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டிருந்தன. பிசியோதெரபிஸ்ட் வந்தது ஐந்தாம் மாதம். "முதல் மாதமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்னால்தான் வருவார்கள் என்பதும் தெரியாது.

திட்டத்தின் வரலாறு பெரிதாக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும் என்பது ஊரறிந்த சங்கதி. படுக்கையில் கிடப்பவருக்கும் நடமாட்டம் குறைந்தவருக்கும் பிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை, அதே திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது பலருக்கும் தெரியாது. தீராத நோயில் கிடப்பவருக்கு வலி தணிப்புச் செவிலியர் வருவதும் இதில் உண்டு.

சிக்கல் தொடங்குவது பதிவேட்டில். மாத்திரை வாங்குவோர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பிசியோதெரபி தேவைப்படுவோர் பட்டியல் வேறு. தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை தருவார். நோயாளி உள்ளே படுத்திருக்க, வாசலில் நின்று மாத்திரை வாங்கினால் அவர் நடக்கிறாரா, கிடக்கிறாரா என்பது தன்னார்வலருக்கு எப்படித் தெரியும்? அவரை உள்ளே அழைத்துப் போய் ஆளைக் காட்டுங்கள். "இவருக்கு பிசியோதெரபி வேண்டும், பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எழுதினாரா என்பதை அடுத்த முறை வரும்போது சரிபாருங்கள்.

அதற்கும் முந்தைய ஓட்டை மருத்துவமனையிலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயர் வரிசையாக இருக்கும், மறுபடி வரவேண்டிய தேதி இருக்கும். 'இயன்முறை சிகிச்சை தொடர வேண்டும்' என்ற ஒற்றை வரி இருக்காது. அந்த அக்காவின் சீட்டிலும் இல்லை. பிறகு எங்கே போனாலும் "டாக்டர் எழுதவில்லையே" என்ற பதில்தான். வார்டை விட்டுக் கிளம்பும் முன் மருத்துவரிடம் நின்று அந்த வரியை எழுதி வாங்குங்கள். கட்டில் காலியாக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். அவசரம் அவர்களுக்கு, கை உங்களுடையது. மருத்துவமனையிலேயே பிசியோதெரபிப் பிரிவு இருந்தால், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் செய்துகாட்டச் சொல்லி, அனுமதி கேட்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மூன்று நாளில் மறந்துவிடும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு உடல் அதிகமாக மீள்வது முதல் சில மாதங்களில்தான். அந்தக் காலத்தைத்தான் அலுவலகங்கள் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லியே தின்றுவிடுகின்றன.

இல்லாத தகுதிகளைக் கேட்டு அலைக்கழிப்பது இன்னொரு வகை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் பிசியோதெரபி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அட்டை உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் வேண்டியது. குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு என்று மருத்துவர் சான்று தர வேண்டும், அதுவும் உடல்நிலை ஓரளவு நிலைப்பட்ட பிறகுதான் அளப்பார்கள். அட்டை வரட்டும் என்று காத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். அட்டைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், சிகிச்சையை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். வருமானச் சான்றும் இதற்குத் தேவையில்லை. தனியார் மருத்துவமனையில் பார்த்தவர் என்பதற்காகவும் ஒதுக்க முடியாது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு தனியார் பிசியோதெரபி மையத்துக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தினமும் போய்வந்து செய்யும் பயிற்சிக்கு அதை நம்பி ஆட்டோ பிடிக்காதீர்கள்.

முகவரிதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் மகள் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள். சொந்த ஊரில் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று குறித்துவிடுவார்கள். மகள் ஊரிலோ, "உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை" என்பார்கள். இரண்டு ஊர்ப் பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் காணாமல் போய்விடுவார். ஆள் இப்போது எங்கே படுத்திருக்கிறாரோ அந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். போன் எண்ணையும் சரிபாருங்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தால், வாசலில் வந்து நிற்பவர் அழைக்கும்போது மணி அடிப்பது திருப்பூரில்.

பெயர் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வட்டாரத்துக்கு, அதாவது ஒன்றியத்துக்கு, ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதுதான் திட்டத்தின் அடிப்படைக் கணக்கு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஆக, ஒருவர் தலையில் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். இதைத் திட்டம் போட்டவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம். வருபவரைக் கோபித்துப் பயனில்லை, அவரும் வண்டியில் அலைந்துகொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே அவர் வரும் நாளை வீணாக்காதீர்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவர் அன்று கட்டாயம் இருக்க வேண்டும். அவர் செய்துவிட்டுப் போவதைவிட, உங்களைச் செய்யவைத்துத் திருத்திவிட்டுப் போவதுதான் முக்கியம். அடுத்த வருகை வரை சிகிச்சை தருபவர் நீங்கள்தான். எப்போது திரும்ப வருவார் என்று கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை இருப்பார் என்றும் கேளுங்கள். தாங்கிப் பிடித்தால் நடக்கக்கூடிய நோயாளியை அங்கேயே அழைத்துப் போகலாம்.

வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பாவம், கையெழுத்துக் கேட்கும் பெண் மேலிடத்தில் திட்டு வாங்குவாள் என்று இரக்கப்பட்டுப் போட்ட கையெழுத்து, பின்னால் நீங்கள் புகார் செய்யும்போது உங்களுக்கு எதிராகவே நிற்கும். பெட்ரோல் செலவு என்று யாராவது கேட்டாலும் தர வேண்டியதில்லை. அரசாங்கத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி எண்ணெயும் அதிர்வு இயந்திரமும் விற்பவர்கள் இந்தத் திட்டத்தின் ஆட்கள் அல்ல.

காத்திருக்கும் நாட்களில் கெடுதல் செய்யாமல் இருப்பதே பாதி வைத்தியம். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும், பிறகு அந்த வலியாலேயே பயிற்சிக்குப் பயப்படுவார். விரல்கள் இறுகியிருப்பவரிடம், பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல், ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லாதீர்கள். மடக்கும் தசைதான் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கிறது. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். படுக்கைப் புண் வந்துவிட்டால் பயிற்சியெல்லாம் நின்றுபோகும். சாப்பாட்டை நிமிர்த்தி உட்காரவைத்தே கொடுங்கள், படுக்கவைத்து ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும். புறா ரத்தம் பூசுவதற்கும் எண்ணெய்க் கட்டுக்கும் கடன் வாங்கிச் செலவழித்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அந்தப் பணம் போனால் போகட்டும். அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இரண்டாம் முறை வாதம் வந்ததுதான் கொடுமை.

இன்னும் விழாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். நல்லதுதான். கழிப்பறைக்குப் போக எட்டு அடி நடக்கச் சுவரைப் பிடிக்கும் பாட்டிக்கு அதனால் என்ன பயன்? முழங்கால் வலி, தள்ளாட்டம், ஒருமுறை தடுக்கி விழுந்தது என்று சொன்னால் "வயதானால் அப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். தொடைத் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தால் விழுவது குறையும். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு கிடைக்கும் சிகிச்சையை முறிவதற்கு முன்பே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்டும் யாரும் வரவில்லை என்றால், முதலில் கிராம சுகாதாரச் செவிலியர், அடுத்து வட்டார மருத்துவ அலுவலர். நகரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு அழையுங்கள், அல்லது 1100இல் 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர் துறைக்குப் புகார் கொடுத்து அதன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். "ஆள் பற்றாக்குறை" என்று வாயால் சொல்வார்கள். அதை எழுத்தில் வாங்க, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் வட்டாரத்தில் பிசியோதெரபிஸ்ட் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, எங்கள் ஊருக்குக் கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதிகளில் வந்தார்? 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்காக முப்பது நாள் காத்திருக்காதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவும் கொடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். நோயாளியின் பெயர், இப்போது இருக்கும் முகவரி, பக்கவாதம் வந்த தேதி, தன்னார்வலரிடம் சொன்ன தேதி, இதுவரை பிசியோதெரபிஸ்ட் வரவில்லை என்ற ஒரு வரி, டிஸ்சார்ஜ் சீட்டின் நகல். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.